‘இன்வேல்யூபிள்’ என்றால் மதிப்பற்றதா? உயர்ந்த மதிப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

கேள்வி இதுதான். பணி ஓய்வு பெறும் வழிகாட்டி ஒருவருக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அவர் செய்த உதவியை ‘வேல்யூபிள்’ என்று எழுதினால் போதுமா, ‘இன்வேல்யூபிள்’ என்று எழுத வேண்டுமா? முன்னால் ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பொருள் வந்துவிடாதா? ‘பிரைஸ்லெஸ்’, ‘ப்ரெஷஸ்’, ‘வொர்த்தி’ எல்லாம் ஒன்றுதானா, எதை எங்கே போடுவது?

முதல் சந்தேகத்துக்கு விடை தமிழுக்குள்ளேயே இருக்கிறது. ‘மதிப்பற்ற பொருள்’ என்றால் தூக்கிப் போட வேண்டியது. ‘விலைமதிப்பற்ற பொருள்’ என்றால் பூட்டி வைக்க வேண்டியது. இரண்டிலும் அதே ‘அற்ற’தான் வருகிறது, ஆனால் பொருள் வானமும் பூமியுமாகப் பிரிந்து போகிறது. ஏன்? ‘விலைமதிப்பற்ற’ என்பதில் அற்றுப் போனது பொருளின் மதிப்பு அல்ல, அதற்கு விலை மதிப்பிடும் வேலை. இவ்வளவு என்று சொல்ல யாராலும் முடியவில்லை என்பதுதான் அங்கே சேதி.

‘இன்வேல்யூபிள்’ சொல்லும் இதே கட்டுதான். ‘வேல்யூ’ என்பது அதில் பெயர்ச்சொல்லாக வரவில்லை, ‘மதிப்பிடு’ என்ற வினையாக வருகிறது. கடைசியில் உள்ள ‘ஏபிள்’ இயலும் என்கிறது, முன்னால் உள்ள ‘இன்’ அந்த இயலுவதை மறுக்கிறது. ஆக, மதிப்பிட இயலாதது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கும் சொல் இது. 17ஆம் நூற்றாண்டில் இதையே ‘மதிப்பில்லாத’ என்ற பொருளிலும் எழுதியவர்கள் உண்டு. அந்த வழக்கு நிலைக்கவில்லை. இன்றைக்கு இதற்கு ஒரே பொருள்தான்: அளவிட முடியாத அளவுக்குப் பயனுள்ளது.

‘லெஸ்’ என்ற விகுதியும் இதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறது. ‘வொர்த்லெஸ்’, ‘வேல்யூலெஸ்’ இரண்டும் ஒன்றுக்கும் உதவாதவை. ‘பிரைஸ்லெஸ்’ மட்டும் உச்சாணிக்கொம்பில் இருக்கிறது. விலை என்பது மனிதர்கள் வெளியிலிருந்து ஒட்டும் சீட்டு. அதை எடுத்துவிட்டால் பொருள் அப்படியே இருக்கும், எந்தச் சீட்டும் அதற்குப் போதவில்லை என்று ஆகும். ‘வொர்த்’ என்பது பொருளுக்குள்ளேயே இருக்கும் தகுதி. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. விலை வேறு, மதிப்பு வேறு என்ற இந்தப் பிரிவு மனதில் நின்றுவிட்டால், இந்தச் சொற்கள் பெரும்பாலும் தாமாகவே தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் மேசையில் இருக்கும் ஒரு பொருளை வைத்தே மற்றதைச் சொல்கிறேன். என் அப்பா பயன்படுத்திய ஆங்கிலம்-தமிழ் அகராதி அது. அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டி, ‘எஸ்’ எழுத்தில் எட்டுப் பக்கங்கள் காணாமல் போன புத்தகம். ஓரமெல்லாம் பென்சிலில் அவர் கையெழுத்து: ஒரு சொல்லுக்கு அகராதி தந்த பொருள் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டுத் தனக்குத் தோன்றியதைப் பக்கத்தில் எழுதியிருப்பார்.

இந்த அகராதி ‘வேல்யூபிள்’ அல்ல. விற்கப் போனால் எடைக்குத்தான் எடுப்பார்கள். ‘எக்ஸ்பென்சிவ்’ ஆக அது என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் எனக்கு அது ‘ப்ரெஷஸ்’. இருபது வருடம் மொழிபெயர்ப்பு வேலையில் அந்த ஓரக் குறிப்புகள் எனக்குக் கைகொடுத்த விதத்தைச் சொன்னால் ‘இன்வேல்யூபிள்’. ஒரே புத்தகம்தான், நான் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. தமிழில் ‘ப்ரெஷஸ்’, ‘இன்வேல்யூபிள்’ வரும் இந்த இரண்டு இடத்திலும் ‘விலைமதிப்பற்ற’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘வேல்யூ’வின் வேர் லத்தீனின் ‘வலேரே’. பலமாக இரு, நலமாக இரு என்பது அதன் பொருள். வீரத்தைச் சொல்லும் ‘வேலியன்ட்’, செல்லும் என்று சொல்லும் ‘வேலிட்’, வேதியியலில் வரும் ‘வேலன்சி’ எல்லாம் அதே குடும்பம். பலம் என்பதிலிருந்து வந்ததால்தானோ என்னவோ, ‘வேல்யூபிள்’ இன்றும் பயனோடும் பணத்தோடும் ஒட்டியே நிற்கிறது. விற்றால் நல்ல பணம் வரும் ஓவியம் ‘வேல்யூபிள்’. வேலைக்கு உதவும் தகவலும் ‘வேல்யூபிள்’. பன்மையில் ‘வேல்யூபிள்ஸ்’ என்றால் நகை, பணம், கடிகாரம் மாதிரி திருடு போகக்கூடிய உடைமைகள்.

பக்கத்திலேயே ஒரு சொல் இருக்கிறது, ‘வேல்யூட்’. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ‘வேல்யூபிள் கஸ்டமர்’ என்றால் நமக்கு நிறைய வருமானம் தரும் வாடிக்கையாளர். ‘வேல்யூட் கஸ்டமர்’ என்றால் நாம் மதிக்கும் வாடிக்கையாளர். முன்னது கணக்குப் புத்தகத்துக்கு, பின்னது கடிதத்துக்கு. ஒருவருக்கு நேராக எழுதும்போது பின்னதுதான் மரியாதை.

அப்புறம் ‘குட் வேல்யூ’. பெயரைப் பார்த்து உயர்ந்த பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்திருக்கிறது, மலிவாக முடிந்தது என்று பொருள். ஒருவர் தந்த பரிசைப் பார்த்து ‘குட் வேல்யூ’ என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும்.

விலையும் பயனும் ஒன்றாக நடப்பதில்லை என்பதைப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் தண்ணீரையும் வைரத்தையும் வைத்துக் காட்டினார். தண்ணீரைப் போலப் பயனுள்ளது எதுவுமில்லை, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. வைரத்தால் பெரிய பயன் கிடையாது, அதற்கு எவ்வளவோ கிடைக்கும். பயன்மதிப்பு ஒன்று, மாற்றுமதிப்பு இன்னொன்று என்று அவர் பிரித்தார். ‘வேல்யூ’ என்ற ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால்தான் ‘வேல்யூபிள்’ எழுதும்போது எந்த மதிப்பு என்று வாக்கியமே சொல்லிவிட வேண்டும்.

‘இன்வேல்யூபிள்’ பணத்தை விட்டுவிட்டது. உதவி, அனுபவம், ஆலோசனை, தகவல், ஒரு ஆள், ஒரு கருவி: இவற்றோடுதான் அது இயல்பாகச் சேரும். கடையில் விலைச்சீட்டோடு இருக்கும் பொருளுக்கு இது பொருந்தாது. ‘வெரி இன்வேல்யூபிள்’ என்று எழுதக் கூடாது. அளக்கவே முடியாது என்று சொன்ன பிறகு ‘மிகவும்’ என்று எதை அளப்பது? அழுத்தம் வேண்டுமென்றால் ‘ட்ரூலி’ அல்லது ‘அப்ஸொல்யூட்லி’ போட்டுக்கொள்ளலாம். ‘பிரைஸ்லெஸ்’, ‘யுனிக்’ இரண்டுக்கும் இதே விதிதான்.

‘பிரைஸ்லெஸ்’ பொருள்களுக்கு உரியது. ஒன்றே ஒன்றுதான் உலகில் உண்டு, போனால் திரும்பாது என்ற வகை: பழைய கையெழுத்துப் பிரதி, அருங்காட்சியகச் சிலை, மன்னர் மகுடம். நினைவுகளுக்கும் சொல்வார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பேச்சு ஆங்கிலத்தில் இதற்கு ‘சிரிப்பு தாங்கவில்லை’ என்ற பொருளும் வந்துவிட்டது. யாராவது அசடு வழிந்த முகத்தைப் பார்த்து ‘பிரைஸ்லெஸ்!’ என்பார்கள். ஆகவே ‘உங்கள் ஆலோசனை பிரைஸ்லெஸ்’ என்று எழுதினால், படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிக்க இடம் இருக்கிறது. அந்த ஒரு நொடியும் நன்றிக் கடிதத்தில் வேண்டாம்.

எனக்கு இந்தக் கூட்டத்திலேயே மிகவும் பிடித்தது ‘ப்ரெஷஸ்’. லத்தீனில் ‘ப்ரெத்தியும்’ என்றால் விலை. அதிலிருந்து ‘ப்ரெத்தியோசுஸ்’, விலை மிக்கது. விலையில் பிறந்து விலையைக் கடந்துபோன சொல் இது. தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவை ‘ப்ரெஷஸ்’ உலோகங்கள். வைரம், மாணிக்கம், நீலம், மரகதம் நான்கும் மரபாக ‘ப்ரெஷஸ்’ கற்கள். இங்கெல்லாம் அரிதாகக் கிடைப்பதால் வந்த மதிப்பு. அதே சொல் குழந்தைக்கும் வரும், உயிருக்கும் வரும், கைநழுவும் நேரத்துக்கும் வரும். இழந்துவிடுவோமோ என்ற பயம் கொஞ்சம் ஒட்டிய அன்பு அதில் இருக்கிறது. பாலைவனத்தில் கையிலிருக்கும் கடைசி வாய்த் தண்ணீரை ‘வேல்யூபிள்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘ப்ரெஷஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

இதற்குத் தமிழில் மிக அருகில் நிற்பது ‘அருமை’. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அரிது, எளிதில் கிடைக்காதது என்பது வேர். அதிலிருந்து உயர்வு வந்தது, அதிலிருந்து அன்பு வந்தது. ‘அருமை மகள்’ என்று எழுதும்போது அரிதாகக் கிடைத்தவள் என்பதும் அன்புக்குரியவள் என்பதும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆங்கிலம் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டதைத் தமிழ் தன் வேரிலேயே வைத்திருக்கிறது.

‘ப்ரெத்தியும்’ பெற்ற பிள்ளைகள் இன்னும் நிறைய. விலையைச் சொல்லும் ‘பிரைஸ்’, பரிசைச் சொல்லும் ‘பிரைஸ்’, புகழ்ச்சியைச் சொல்லும் ‘ப்ரெய்ஸ்’ மூன்றும் பழைய பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகித் தனித்தனிச் சொற்களானவை. ஒன்றைப் புகழ்வது என்பது அதற்கு உரிய விலையை வாயால் கொடுப்பது என்று அந்தக் காலத்தவர் எண்ணியிருக்க வேண்டும். நகைக்கோ வீட்டுக்கோ மதிப்புப் போடும் ‘அப்ரெய்ஸ்’, மதிப்புக் கூடுவதையும் நன்றி பாராட்டுவதையும் ஒருங்கே சொல்லும் ‘அப்ரிஷியேட்’, தேய்மானம் சொல்லும் ‘டிப்ரிஷியேட்’ ஆகியவையும் இந்த வீட்டுப் பிள்ளைகளே. ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்கிறோமே, அந்த அருமை தெரிவதற்கு ஆங்கில வினை ‘அப்ரிஷியேட்’. வெறும் ‘தேங்க்’ போடும் இடத்தில் இதைப் போட்டால், நீங்கள் செய்ததன் மதிப்பு எனக்குத் தெரியும் என்றும் சேர்ந்து சொன்னதாகிறது.

‘ப்ரெஷஸ்’ஸிலும் இரண்டு குழி இருக்கிறது. ‘ப்ரெஷஸ் லிட்டில்’ என்றால் அருமையான கொஞ்சம் அல்ல, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரு எழுத்தாளரின் நடையை ‘ப்ரெஷஸ்’ என்று விமர்சகர் எழுதினால் அது பாராட்டு அல்ல, செயற்கையாக மெருகேற்றிய நடை என்ற குறை.

விலைப் பக்கம் வருவோம். தமிழ்ப் பேச்சில் ‘காஸ்ட்லி’ நம் சொல்லாகவே ஆகிவிட்டது, விலை உயர்ந்த எதையும் ‘காஸ்ட்லி’ என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு வழக்கமாக வருவது ‘எக்ஸ்பென்சிவ்’. ‘காஸ்ட்லி’க்கும் அந்தப் பொருள் உண்டு என்றாலும், அது இழப்பின் பக்கம் சாய்ந்தது: ‘காஸ்ட்லி மிஸ்டேக்’ என்றால் பணமோ பெயரோ உயிரோ பறித்த தவறு. இன்னொன்று, பொருள்தான் ‘எக்ஸ்பென்சிவ்’ ஆகும். விலை ‘எக்ஸ்பென்சிவ்’ ஆகாது. விலை ‘ஹை’. நியாயத்தை மீறிய விலை என்றால் ‘எக்ஸார்பிடன்ட்’. தடத்தை விட்டு விலகியது என்று அதற்கு வேர்ப்பொருள்.

‘டியர்’ சொல்லுக்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றும் ‘விலை அதிகம்’ என்ற பொருள் இருக்கிறது. கடிதத் தொடக்கத்தில் எழுதும் அதே ‘டியர்’தான். பழைய ஆங்கிலத்திலேயே அன்புக்குரியது, விலை மிக்கது என்ற இரண்டும் அதில் சேர்ந்திருந்தன. நம் ‘அருமை’யும் இதுவும் வெவ்வேறு கண்டத்தில் பிறந்து ஒரே பாதையில் நடந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். பற்றாக்குறையைச் சொல்லும் ‘டெர்த்’ இந்த ‘டியர்’ பெற்றது. தானியம் அரிதானால் விலை ஏறும், அந்த நிலைக்கு வைத்த பெயர் அது. ‘டார்லிங்’ இன்னொரு பிள்ளை.

‘வொர்த்’ இவர்களைப் போல லத்தீன் வழி வந்ததல்ல, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜெர்மன் மொழியின் ‘வெர்ட்’ இதற்கு உடன்பிறப்பு. வழிபாட்டைச் சொல்லும் ‘வொர்ஷிப்’ கூட ‘வொர்த்’தோடு ‘ஷிப்’ சேர்ந்து பிறந்ததுதான்: ஒருவருக்குத் தகுதி உண்டு என்று ஏற்று வணங்குவது. இதில் இலக்கணம்தான் சிக்கல். ‘வொர்த்’துக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ, ‘இங்’ விகுதி சேர்ந்த வினையோ நேராக வர வேண்டும். படிக்கத் தகுந்த புத்தகம் என்றால் ‘வொர்த் ரீடிங்’. ‘வொர்த் டு ரீட்’ என்று எழுதினால் பிழை. ‘வொர்த்தி’ என்றால் பின்னால் ‘ஆஃப்’ வேண்டும்: ‘வொர்த்தி ஆஃப் ரெஸ்பெக்ட்’. ‘வொர்த்வைல்’ செலவிட்ட நேரமும் உழைப்பும் வீண் போகவில்லை என்று சொல்ல.

‘வொர்த்தி’யைத் தனியாக விடாதீர்கள். ஒரு புத்தகத்தையோ பேச்சையோ ‘வொர்த்தி’ என்று மட்டும் சொன்னால், நல்ல நோக்கம்தான், ஆனால் கொட்டாவி வந்தது என்று அர்த்தப்பட வாய்ப்பு உண்டு. பெரியவர் ஒருவரைப் பாராட்டும்போது இது நேர்ந்தால் சங்கடம்.

மனிதர்களின் குணத்தைச் சொல்ல ஆங்கிலம் பொற்கொல்லரின் பட்டறைக்குப் போகிறது, தமிழ் போவதைப் போலவே. நாம் ‘பத்தரைமாற்றுத் தங்கம்’ என்கிறோம், அவர்கள் ‘ஸ்டெர்லிங்’ என்கிறார்கள். ‘ஸ்டெர்லிங்’ வெள்ளியில் 1000 பங்குக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மிக மென்மையானது, செம்பு சேர்ந்தால்தான் பாத்திரமாக நிற்கும். நம்பி எடுக்கலாம் என்ற அந்தத் தரம் குணத்துக்கும் உழைப்புக்கும் ஏறிவிட்டது: ‘ஸ்டெர்லிங் சர்வீஸ்’, ‘ஸ்டெர்லிங் கேரக்டர்’. நீண்ட நாள் ஒரே சீராக உழைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தத் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 1300இல் முதலாம் எட்வர்ட் போட்ட சட்டத்தோடு வந்தது. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர்கள் தாங்கள் செய்ததைத் தங்கள் சங்கத்தின் ‘ஹால்’ கட்டடத்துக்கே கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ‘ஹால்’லில் இட்ட ‘மார்க்’ என்பதால் ‘ஹால்மார்க்’. இன்று பொறுமை ஒரு நல்ல ஆசிரியரின் ‘ஹால்மார்க்’ என்று எழுதினால், அதை வைத்தே அவரை அடையாளம் காணலாம் என்று பொருள். ‘டச்ஸ்டோன்’ நம் உரைகல்லேதான், கல்லும் ஒன்று, உருவகமும் ஒன்று. வைரம் போன்ற கற்களை எடை போடும் ‘கேரட்’டுக்குக் கேரப் என்ற மரத்தின் விதை வேர். இன்றைய கணக்கில் ஒரு கேரட் 200 மில்லிகிராம். ‘டேலன்ட்’ பழைய எடை, நாணய அளவு. தமிழ் பைபிளில் ‘தாலந்து’ என்று வருவது அதுதான். எஜமான் கொடுத்த தாலந்துகளைப் பெருக்கிய வேலைக்காரர்களின் உவமையிலிருந்துதான் அந்தச் சொல்லுக்குத் திறமை என்ற பொருள் வந்தது.

பொன்னை அப்படியே பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பொன்னான வாய்ப்பு’ ஆங்கிலத்தில் ‘கோல்டன் ஆப்பர்ச்சூனிட்டி’ என்று இயல்பாக வரும். ‘பொன்னான நேரம்’ அப்படி வராது, ‘வேல்யூபிள் டைம்’ அல்லது ‘ப்ரெஷஸ் டைம்’தான்.

வினைகளை மறந்துவிட வேண்டாம், பல நேரம் அடைமொழியைவிட அவைதான் உண்மையாக ஒலிக்கும். ‘செரிஷ்’ அன்போடு போற்றி வைத்திருப்பது. அன்புக்குரிய என்று பொருள்படும் பிரெஞ்சின் ‘ஷேர்’ அதன் வேர். ‘ட்ரெஷர்’ புதையலைப் போலக் காப்பது. கிரேக்கத்தின் ‘தெசாரோஸ்’, அதாவது கருவூலம், இதற்கு வேர். ஒருபொருட்சொற்களைத் திரட்டித் தரும் புத்தகத்துக்கு ‘தெசாரஸ்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான், அது சொற்களின் கருவூலம். ‘எஸ்டீம்’ உயர்வாக மதிப்பது. ‘எஸ்டிமேட்’டும் அதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ‘எஸ்டீம்டு’ என்ற அடைமொழியை அலுவலகக் கடிதங்களில் அளவுக்கு மேல் தேய்த்துவிட்டார்கள். அதனால் இப்போது அதில் மரியாதை இருக்கிறது, வெதுவெதுப்பு இல்லை.

தலைமுறை தாண்டி வரும் பொருளுக்கு ‘ஏர்லூம்’. ஒருவர் நினைவுக்காக வைத்திருக்கும் சின்னப் பொருளுக்கு ‘கீப்சேக்’. என் அகராதி எனக்கு இரண்டும்தான்.

இப்போது உங்கள் கடிதம். அவர் வழிகாட்டியதற்கு ‘இன்வேல்யூபிள்’ என்றே எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல் தனியாக நின்றால் எல்லாக் கடிதத்திலும் வருவது போல இருக்கும். எதில் என்று சொல்லுங்கள். ‘யுவர் கைடன்ஸ் வாஸ் இன்வேல்யூபிள்’ என்று முற்றுப்புள்ளி வைப்பதைவிட, முதல் அறிக்கையை அவர் மூன்று முறை திருத்தித் தந்தாரே, அந்த மாதிரி ஒன்றைச் சேர்த்து எழுதினால் சொல்லுக்கு எடை வரும். அவர் சேவைக்கு ‘ஸ்டெர்லிங்’. அவர் சொன்ன ஏதோ ஒரு வார்த்தை இன்னும் மனதில் இருக்கிறது என்றால் அங்கே ‘ட்ரெஷர்’ என்ற வினை. செலவழித்த நேரத்துக்கு ‘ப்ரெஷஸ்’ஸைவிட, கொடுத்த நேரத்தை ‘டீப்லி அப்ரிஷியேட்’ செய்கிறேன் என்பது நல்லது. ‘பிரைஸ்லெஸ்’ வேண்டாம், ‘வொர்த்தி’ வேண்டாம். தொடக்கத்தில் ‘டியர்’ என்று எழுதி அவர் பெயரைக் கையால் எழுதுங்கள்.